ரெட்ரோ கேமை ஜெயித்துவிட்டேன் என்று எப்போது சொல்லலாம்?

மூன்று பேர் கான்ட்ரா என்ற பழைய சுடும் கேமை முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கேம் கொடுத்த மூன்று லைஃபோடு ஆரம்பித்து கடைசி ஸ்டேஜ் வரை போய்விட்டார். இன்னொருவர் டைட்டில் திரையிலேயே அந்தப் பிரபலமான பட்டன் வரிசையைத் தட்டி 30 லைஃப் வாங்கிக்கொண்டு இறங்கினார். மூன்றாமவர் எமுலேட்டரில் (பழைய கன்சோல் மாதிரியே நடிக்கும் மென்பொருளில்) ஆடினார், குண்டு பட்ட ஒவ்வொரு தடவையும் நாலு நொடி பின்னால் ஓட்டி, படாத மாதிரி மறுபடி ஆடிக்கொண்டே போனார். மூன்று பேர் கண்ணிலும் பட்டது ஒரே முடிவுதான்: ஹெலிகாப்டர் கிளம்புகிறது, தீவு வெடிக்கிறது, பெயர்கள் ஓடுகின்றன. இதில் யார் ஜெயித்தார்?

பழைய கேம்களுக்குள் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே இந்தச் சண்டையில் வந்து மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் கிரெடிட்ஸ் ஓடினால் போதும் என்பார், இன்னொருவர் காசு போடும் மெஷினில் ஒரே காசில் முடிக்காவிட்டால் கணக்கே இல்லை என்பார், மூன்றாவது ஆள் ஒளித்துவைத்த பொருள் ஒன்று பாக்கி இருந்தாலும் முடிக்கவில்லை என்பார். எனக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். நீங்கள் ஆடும்போது உங்களைத் தோற்கடிக்க அந்த கேமுக்கு வாய்ப்பு இருந்ததா? இருந்தும் கடைசிவரை போனீர்கள் என்றால் ஜெயித்தீர்கள். அந்த வாய்ப்பையே பிடுங்கிவைத்துக்கொண்டு முடிவைப் பார்த்தீர்கள் என்றால், கேமைப் பார்த்தீர்கள். பார்ப்பதில் ஒரு தப்பும் கிடையாது, நல்ல கேமைப் பார்ப்பதே சந்தோஷம்தான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது ரொம்பச் சின்னக் குழந்தையையும் கூடச் சேர்த்துக்கொள்வார்கள், யாரும் அதை அவுட் ஆக்க மாட்டார்கள், அது பாட்டுக்கு ஓடும், சிரிக்கும், ஆனால் அது ஜெயித்ததாக யாரும் எண்ணுவதில்லை.

ஏன் ரெட்ரோ கேம்களுக்கு மட்டும் இவ்வளவு பேச்சு என்றால், அவை இருந்த இடம் அவ்வளவு சின்னது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் மொத்தமே 40 கிலோபைட். இன்றைக்கு போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரிது. அவ்வளவு சின்ன இடத்தில் நாற்பது மணி நேரக் கதையை அடைக்க முடியாது, அதனால் கேமை உருவாக்கியவர்கள் கஷ்டத்தை அடைத்தார்கள். கைதேர்ந்த ஒருவர் கான்ட்ராவை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். மற்றவர்களுக்கு அந்த அரை மணி நேரம் வாரக்கணக்கில் நீளும், ஏனென்றால் தோற்றுத் தோற்றுத்தான் ஒவ்வொரு இடமும் பிடிபடும். அந்தத் தோல்விகளை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது அரை மணி நேரம் ஓடும் படம்தான்.

சரி, முடிவே இல்லாத கேம்களை என்ன செய்வது? ஆரம்பகால ஆர்கேட் கேம்கள், அதாவது வெளியிடங்களில் காசு போட்டு ஆடும் மெஷின்கள், பெரும்பாலும் அப்படித்தான். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒரு படையைச் சுட்டு முடித்தால் அடுத்த படை வரும், அதையும் முடித்தால் இன்னொன்று, நீங்கள் சாகும்வரை இப்படியே. அங்கே ஜெயிப்பது என்றால் ஸ்கோர் மட்டும்தான். ஆக்டிவிஷன் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் இதற்கு அழகான ஒரு வழி வைத்திருந்தது. கேமின் கையேட்டிலேயே ஓர் இலக்கு போட்டிருக்கும், அந்த ஸ்கோரை எட்டினால் டிவி திரையை போட்டோ எடுத்து தபாலில் அனுப்ப வேண்டும், பதிலுக்குத் துணியில் தைத்த ஒரு பேட்ஜ் வீடு தேடி வரும். 1982இல் வந்த பிட்ஃபாலுக்கு அந்த இலக்கு 20,000 புள்ளி. ஆனால் அந்த கேமில் 20 நிமிடத்துக்குள் 32 புதையல்களையும் ஒரு புள்ளிகூட இழக்காமல் எடுத்தால் 114,000 கிடைக்கும், அதற்கு மேல் அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. அதாவது உருவாக்கியவர்களே பாராட்டத்தக்க அளவு என்று ஒன்றையும், முழுமை என்று அதற்கு வெகு மேலே இன்னொன்றையும் வைத்திருந்தார்கள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

முடிவே இல்லாத கேமுக்கும் சில நேரம் முடிவு வந்துவிடும், யாரும் திட்டமிடாமலேயே. இதைக் கில் ஸ்கிரீன் என்பார்கள். பேக்மேன் கேமில் எத்தனையாவது லெவல் என்கிற எண்ணை ஒரே ஒரு பைட்டில் வைத்திருந்தார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். 256ஆவது லெவலுக்குப் போகும்போது கணக்கு தடுமாறி, திரைக்குக் கீழே சில பழங்களை வரையவேண்டிய நிரல் 256 தடவை வரையப் பார்க்கும், அது வழிந்துபோய்த் திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் குப்பையுமாக ஆகிவிடும். அந்த லெவலை முடிக்கத் தின்னவேண்டிய புள்ளிகள் எல்லாம் அங்கே இருக்காது, அதோடு கேம் அவ்வளவுதான். அதுவரை ஒரு லைஃப்கூட இழக்காமல், எல்லாப் புள்ளியும் எல்லாப் பழமும் தின்று, பெரிய புள்ளியைத் தின்று பேய்கள் நீலமாகும்போதெல்லாம் நான்கையும் விழுங்கி வந்தால் கிடைக்கும் உச்ச ஸ்கோர் 3,333,360.

டாங்கி காங் கதை இன்னும் சுவாரசியம். 1981இல் வந்த அந்த ஆர்கேட் கேமில் ஒவ்வொரு லெவலுக்கும் எவ்வளவு நேரம் தரலாம் என்பதை ஒரு சின்னக் கணக்கு முடிவு செய்கிறது: லெவல் எண்ணைப் பத்தால் பெருக்கி 40ஐக் கூட்டு. 22ஆவது லெவலில் அது 260 ஆகிறது, ஒரு பைட்டில் 260 அடங்காது, 256 போக மிச்சம் 4 மட்டும் நிற்கிறது. அதனால் டைமர் வெறும் 400இல் தொடங்குகிறது, மாரியோ மேலே ஏறுவதற்குள் நேரம் முடிந்து விழுந்து சாகிறான். அங்கே எவ்வளவு திறமை இருந்தாலும் ஒன்றும் நடக்காது. அதனால் டாங்கி காங்கில் கில் ஸ்கிரீன் வரை போனவரை அந்த கேமை ஜெயித்தவர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. தோற்கடிக்க கேமுக்கு இருந்த நியாயமான வாய்ப்புகள் எல்லாவற்றையும் தாண்டித்தான் அங்கே வந்திருக்கிறார், கடைசியில் அவரை நிறுத்தியது கேமின் கணக்குப் பிழை.

இந்த விஷயத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது டெட்ரிஸ். நிண்டெண்டோவின் 8 பிட் கன்சோலுக்கு 1989இல் வந்த டெட்ரிஸைத்தான் சொல்கிறேன். அதில் லெவல் 29க்கு வந்ததும் கட்டைகள் விழும் வேகம் ஒரு ஃபிரேமுக்கு (திரையில் மாறும் ஒரு படத்துக்கு) ஒரு வரி ஆகிவிடும். நொடிக்குச் சுமார் 60 ஃபிரேம், பலகையின் உயரம் 20 வரி, அப்படியென்றால் மேலிருந்து கீழே வர மூன்றில் ஒரு நொடி. பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் கட்டை பக்கவாட்டில் நகரும் வேகம் இதற்கு ஈடுகொடுக்காது, ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டை கீழே உட்கார்ந்துவிடும். அதனால் லெவல் 29தான் டெட்ரிஸின் முடிவு என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள், அதைக் கில் ஸ்கிரீன் என்றே சொன்னார்கள். அப்புறம் சிலர் அழுத்திப் பிடிப்பதை விட்டுவிட்டு, கையை நடுங்கவிட்டு நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் பட்டனைத் தட்ட ஆரம்பித்தார்கள். 29 உடைந்தது. அதற்கும் பிறகு இன்னொரு முறை வந்தது: கட்டைவிரலைப் பட்டன்மேல் லேசாக வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் கன்ட்ரோலரின் பின்பக்கத்தை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டித் தட்டுவது. கன்ட்ரோலரே வந்து விரலில் மோதுகிறது. இதை ரோலிங் என்கிறார்கள். இதனால் முப்பதுகளில் நின்றுகொண்டிருந்தவர்கள் நூறைத் தாண்டினார்கள்.

2023 டிசம்பர் 21 அன்று, ப்ளூ ஸ்கூட்டி என்ற பெயரில் ஆடும் 13 வயதுப் பையன் லெவல் 157இல் ஒரு வரியை நிரப்பினான், திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ஸ்கோர் கணக்கிடும் நிரலுக்கு அந்த உயரத்தில் நேரம் போதாமல் கேமே விழுந்துவிட்டது. கேம் வந்து 34 ஆண்டுகள் கழித்து, அதை ஒரு மனிதர் அந்த நிலைக்குத் தள்ளியது அதுதான் முதல் தடவை. உலகச் செய்திகளில் எல்லாம் டெட்ரிஸை ஜெயித்த முதல் ஆள் என்று எழுதினார்கள். டெட்ரிஸில் கடைசி லெவலும் கிடையாது, மீட்கவேண்டிய இளவரசியும் கிடையாது, அதில் எப்படி ஜெயிக்க முடியும் என்று அப்போது சிலர் கேட்டார்கள். எனக்கு அது ஜெயித்ததுதான். எல்லோரையும் கடைசியில் தோற்கடிக்கவே செய்யப்பட்ட ஒரு கேம், அவனைத் தோற்கடிக்க முடியாமல் நின்றுவிட்டது, இதைவிடத் தெளிவான வெற்றி எது? அடுத்த ஆண்டே, 2024 அக்டோபரில், இன்னொரு ஆட்டக்காரர் லெவல் 255ஐயும் தாண்டினார், எண் சுற்றிவந்து லெவல் 0 ஆகி கேம் முதலிலிருந்து தொடங்கியது. அவர் ஆடியது உறைந்து நிற்காதபடி மாற்றியமைத்த பதிப்பு. அதை அவர் மறைக்கவில்லை. அந்த உலகத்தில் இருக்கிறவர்கள் இரண்டையும் தனித்தனிச் சாதனையாகத்தான் வைத்துப் பேசுகிறார்கள், அப்படித்தான் பேசவும் வேண்டும்.

இனி முடிவு உள்ள கேம்கள். இங்கே கிரெடிட்ஸ் ஓடினால் போதுமே என்று தோன்றும், ஆனால் பல பழைய கேம்கள் பொய் முடிவு காட்டும். இதில் பெயர்போனது 1985இல் வந்த கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ். இரண்டு அடி பட்டால் செத்துப்போகிற ஒரு வீரனை வைத்துக்கொண்டு, ரொம்பவே தண்ணி காட்டுகிற ஸ்டேஜ்களை எல்லாம் தாண்டி, கடைசி வில்லனையும் வீழ்த்தினால், நீ பார்த்ததெல்லாம் சாத்தான் காட்டிய மாயை என்று சொல்லி முதல் ஸ்டேஜுக்கே அனுப்பிவிடும், அதுவும் இன்னும் கடினமாக. இரண்டாம் சுற்றையும் முடித்தால்தான் உண்மையான முடிவு. முதல் சுற்றோடு நிறுத்திவிட்டு ஜெயித்தேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இன்னும் முடியவில்லை என்று கேமே உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. 1986இல் வந்த பபுள் பாபுள் வேறு மாதிரி: தனியாக ஆடிக் கடைசிவரை போனால், இது உண்மையான முடிவு அல்ல, நண்பரோடு வா என்று சொல்லும். இரண்டு பேர் சேர்ந்து முடித்தால்தான் மகிழ்ச்சியான முடிவு. துணையோடு ஆடுவதையே ஜெயிப்பதற்கு நிபந்தனையாக வைத்த அந்த யோசனை இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

1991இல் வந்த சோனிக்கில் ஆறு மரகதங்களையும் சேர்க்காமல் கடைசி வில்லனை வீழ்த்தினால், கிரெடிட்ஸுக்குப் பிறகு அவன் நீங்கள் விட்ட மரகதங்களைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டு மறுபடி முயற்சி செய் என்று நிற்பான். காசில்வேனியா சிம்ஃபனி ஆஃப் தி நைட், 1997இல் வந்தது, இதைவிடப் பெரிதாக ஒளித்துவைத்தது. ரிக்டர் என்பவனோடு நடக்கும் சண்டையில் அவனையே அடித்துக் கொன்றால் கேம் முடிந்துவிடும், கிரெடிட்ஸும் ஓடும். ஆனால் அதற்கு முன் ஒரு கண்ணாடியைக் கண்டுபிடித்து அணிந்துகொண்டு போனால், அவனை ஆட்டிவைக்கும் உருண்டை கண்ணுக்குத் தெரியும், அவனை விட்டுவிட்டு அதை அடித்தால் முழுக் கோட்டையும் தலைகீழாக இன்னொரு முறை திறக்கும். கேமில் பாதி அங்கேதான் இருக்கிறது. முதல் முடிவோடு நிறுத்தியவர் பாதி கேமைத்தான் ஆடியிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, உண்மை தெரிந்தால் அவருக்கே திரும்பிப் போகத் தோன்றும்.

ஈஸி மோட் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைய கேம்களில் ஈஸி என்றால் எதிரிகள் மெதுவாக அடிப்பார்கள், மற்றபடி கேம் முழுதாக இருக்கும். அந்தக் காலத்தில் பல கேம்கள் ஈஸியில் பாதியிலேயே கதவைச் சாத்திவிடும். செகாவின் மெகா டிரைவ் கன்சோலில் வந்த கோல்டன் ஆக்ஸைத் தொடக்க நிலையில் ஆடினால் மூன்றாவது ஸ்டேஜோடு முடிந்துவிடும். காசில் ஆஃப் இல்யூஷனிலும் பயிற்சி நிலை அப்படித்தான் சீக்கிரம் முடியும். அதை ஆடி முடித்தவர் கேமை முடிக்கவில்லை. முழு கேமையும் தருகிற ஈஸி மோட் என்றால் தாராளமாகக் கணக்கில் சேரும், எந்த நிலையில் ஆடினீர்கள் என்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

இப்போது சண்டையின் மையத்துக்கு வருவோம்: சேவ் ஸ்டேட், ரீவைண்ட். எமுலேட்டரில் எந்த நொடியில் வேண்டுமானாலும் கேமை அப்படியே உறையவைத்து, பிறகு அதே நொடியிலிருந்து தொடரலாம். பழைய கேம்களை இப்போது அதிகாரபூர்வமாக வெளியிடும் நிறுவனங்களே இந்த வசதியோடுதான் தருகின்றன. இதில் என்ன பிரச்சினை என்று கேட்பவர்களுக்கு ஒரே ஓர் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டுகிறேன்.

முதல் காசில்வேனியா, 8 பிட் கன்சோலில். 15ஆவது ஸ்டேஜில் ஒரு நீளமான நடைபாதை. கனத்த கவசம் போட்ட கோடாலி வீரர்கள் நிற்கிறார்கள், அவர்கள் வீசும் கோடாலி சில நேரம் தலை உயரத்தில் வரும், சில நேரம் கால் உயரத்தில் வரும், ஒன்றுக்குக் குனிய வேண்டும், மற்றதுக்குக் குதிக்க வேண்டும். அதே நேரத்தில் மெடூசாவின் தலைகள் அலை மாதிரி மேலும் கீழுமாகப் பறந்து வந்துகொண்டே இருக்கும், ஒன்றை அடித்தால் இன்னொன்று. நீங்கள் குதிக்கும்போது பாதியில் திசை மாற முடியாது, குதித்தால் குதித்ததுதான். நான்கு அடி வாங்கினால் ஆள் காலி. இதைத் தாண்டினால் அந்தக் கோடியில் மரண தேவன் நிற்கிறான், அறை முழுக்க அரிவாள்களை முளைக்கவைக்கிறான். அவனிடம் தோற்றால் மறுபடி நடைபாதையின் தொடக்கம். எல்லா லைஃபும் போய் கன்டினியூ கொடுத்தால் இன்னும் பின்னால், 13ஆவது ஸ்டேஜ்.

இதை முறையாக ஆடுகிறவர் என்ன கற்றுக்கொள்கிறார் என்று பாருங்கள். மரண தேவனைத் தனியாக ஜெயிப்பது ரொம்பக் கடினம், ஆனால் புனித நீர் என்ற ஆயுதத்தை மூன்று தடவை தொடர்ந்து வீசும் வசதியோடு அவனிடம் போய்ச் சேர்ந்தால், தீயில் அவனை அசையவிடாமல் கட்டிப்போடலாம். ஆனால் செத்தால் அந்த ஆயுதம் போய்விடும். ஆக உண்மையான கேள்வி அவனை எப்படி அடிப்பது என்பதே இல்லை, புனித நீரை விட்டுவிடாமல் அந்த நடைபாதையைச் சாகாமல் எப்படிக் கடப்பது என்பதுதான். இது புரிந்த பிறகு ஒவ்வொரு கோடாலி வீரனும் வேறு மாதிரி தெரிவான். புனித நீரை இங்கே செலவழிக்கலாமா, எவ்வளவு இதயம் (ஆயுதம் வீசச் செலவாகும் கணக்கு) மிச்சம் வைக்க வேண்டும், இந்த மெடூசா தலையை அடிக்கலாமா அல்லது விட்டுவிட்டுக் குனியலாமா என்று கை தானாக யோசிக்க ஆரம்பிக்கும். வாசலில் ஒரு சேவ் ஸ்டேட் போட்டு வைத்தவருக்கு இந்தக் கேள்வியே வராது. அவர் மரண தேவனோடு நூறு தடவை மோதி, அதிர்ஷ்டம் கூடிய ஒரு தடவை ஜெயித்து, அங்கே இன்னொரு சேவ் போட்டுவிட்டுப் போவார். இருவரும் ஒரே அறையைத் தாண்டினார்கள், ஆனால் அந்த ஸ்டேஜ் என்ன கேட்டதோ அதற்கு ஒருவர் மட்டும்தான் பதில் சொன்னார்.

அதற்காகச் சேவ் ஸ்டேட்டைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பழகுவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. கடினமான இடத்துக்கு முன்னால் ஒரு சேவ் போட்டு அந்த ஒரு நிமிடத்தையே திரும்பத் திரும்ப ஆடுங்கள், கை பழகட்டும், அப்புறம் சேவை மறந்துவிட்டு முதலிலிருந்து ஒரு முழு ஆட்டம் ஆடுங்கள். அந்த ஆட்டத்தில் முடித்தால் அது சுத்தமான வெற்றி, அதற்கு முன் எவ்வளவு பழகினீர்கள் என்பது யாருக்கும் தேவையில்லை. அப்புறம், வேலையும் குடும்பமும் இருக்கிறவருக்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் உட்கார முடியாமல் போகலாம். எழுந்து போகும்போது ஒரு சேவ் போட்டுவிட்டு, திரும்பி வந்ததும் அங்கிருந்தே ஒரே ஒரு தடவை தொடர்ந்தால் அது கேமின் வாய்ப்பைப் பறிக்கவில்லை. இடையில் செத்தால் அந்தச் சேவுக்குத் திரும்பிப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேமே தருகிற கன்டினியூ, பாஸ்வேர்டு, குறுக்குவழி இவற்றுக்கெல்லாம் என் பதில் எளிது: கேம் தந்தது கேமுடையது. மாரியோவில் 1-2இல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது லெவலில், கூரைமேல் ஓடி, உலகங்களைத் தாண்டிக் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கும் வார்ப் சோனைக் கண்டுபிடித்து நான்காம் உலகத்துக்குப் போனால் அது அழுகுணி ஆட்டம் இல்லை. உருவாக்கியவர்களே வைத்த கதவு அது. மெகா மேன் 2இல் பாஸ்வேர்டு எழுதிவைத்து நாளைக்குத் தொடர்வதும் அப்படித்தான். ஆர்கேடில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே கன்டினியூ என்றால் இன்னொரு காசு, செத்த இடத்திலேயே எழுந்து நின்று தொடரலாம், காசு இருக்கிறவரை எந்த கேமும் உங்களைத் தோற்கடிக்க முடியாது. இன்றைக்கு வீட்டில் ஆடும்போது காசு என்பது ஒரு பட்டன், அதற்கு அளவே இல்லை. அதனால்தான் விண்கலச் சுடும் கேம்களை ஆடுகிறவர்கள் ஒன் கிரெடிட் கிளியர் என்ற அளவுகோலை வைத்தார்கள், ஒரே காசில் தொடக்கம் முதல் முடிவு வரை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது கறாராகத் தெரியும். ஆனால் அந்த வகைக் கேம்களுக்கு அது ரொம்பவே பொருத்தம் என்பது என் கருத்து. 1997இல் வந்த டோடொன்பாச்சி மாதிரி கேம்கள் முதல் சுற்றை எவ்வளவு நன்றாக ஆடினீர்கள் என்று பார்த்துத்தான் இரண்டாம் சுற்றையே திறக்கும், நிஜமான கடைசி வில்லன் அதற்குள் இருக்கிறான்.

அந்தக் கான்ட்ரா 30 லைஃப் விஷயம் நடுவில் நிற்கிறது. அந்த பட்டன் வரிசையை கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் கிரேடியஸ் கேமை வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவரும்போது வைத்தார், கேம் அவருக்கே கடினமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க வசதியாக. அப்படியே உள்ளே தங்கிவிட்டது, பிறகு கான்ட்ராவிலும் வந்தது. கேமுக்குள்ளேயே இருப்பதுதான், ஆனாலும் 30 லைஃப் தீர்ந்தால் தோற்கத்தான் வேண்டும், வாய்ப்பு சுருங்கியது, போய்விடவில்லை. அதனால் அந்த பட்டன் வரிசையைத் தட்டி முடித்தவரும் முடித்தவர்தான் என்பேன், தட்டினேன் என்று அவர் சொன்னால் போதும். சாகவே சாகாதபடி ஆக்கும் சீட் (ஏமாற்று வழி) போட்டவருக்கு இது பொருந்தாது.

சாவு கிட்டத்தட்ட இல்லாத கேம்களும் உண்டு, அங்கே இந்த அளவுகோல் இன்னும் தெளிவாக வேலை செய்யும். 1990இல் வந்த மங்கி ஐலண்ட் மாதிரி கதை சொல்லும் சாகச கேம்களில் எதிரி புதிர்தான். எந்தப் பொருளை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் நீங்கள் விட்டுவிட்டுப் போவதுதான் அதன் வெற்றி. அங்கே முதல் வரியிலிருந்து கடைசி வரை விடைத்தாளைப் பார்த்து ஆடுவதும், காசில்வேனியாவில் ரீவைண்ட் செய்வதும் ஒன்றுதான். அதே நேரம் காசில்வேனியாவுக்கு வழிகாட்டி படித்தால் பெரிதாக ஒன்றும் குறையாது, புனித நீர் வேண்டும் என்று நான் மேலே சொல்லிவிட்டேன், ஆனாலும் அந்த நடைபாதையை உங்கள் கைதான் கடக்க வேண்டும். பைனல் பேன்டசி மாதிரி கேம்களில் சேவ் செய்வது ஆட்டத்தின் பகுதி, சின்ன எதிரிகளோடு மணிக்கணக்கில் சண்டை போட்டு பலத்தைக் கூட்டிக்கொள்வதும் ஆட்டத்தின் பகுதிதான், அதை யாராவது குறைவாகப் பேசினால் கண்டுகொள்ள வேண்டாம்.

100% என்பது வேறு கணக்கு. சூப்பர் மாரியோ வேர்ல்டில் 96 வழிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் சேவ் திரையில் 96க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரும். மாரியோ 64இல் 70 நட்சத்திரம் இருந்தால் கடைசி வில்லன் பௌசரிடம் போகலாம், 120ஐயும் சேர்த்தால் கோட்டைக் கூரைமேல் மாரியோவின் டைனோசர் நண்பன் யோஷியைச் சந்திக்கலாம். சிம்ஃபனி ஆஃப் தி நைட்டில் சதவீதம் 200.6 வரை போகும். இவற்றை எல்லாம் செய்தவர் அந்த கேமின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவர். ஆனால் 70 நட்சத்திரத்தோடு பௌசரைத் தூக்கி எறிந்தவரும் மாரியோ 64ஐ ஜெயித்தவர்தான். சேகரிப்பதைக் கேம் ஒரு நிபந்தனையாக வைத்திருந்தால், சோனிக்கில் மரகதம் மாதிரி, அது ஜெயிப்பதில் சேரும். பரிசாக மட்டும் வைத்திருந்தால் சேராது.

வேகமாக முடிக்கும் ஸ்பீட்ரன் ஆட்டக்காரர்கள் மாரியோ 64ஐ ஒரு நட்சத்திரம்கூட எடுக்காமல் முடிக்கிறார்கள். பின்பக்கமாக நீளமாகத் தாண்டித் தாண்டி வேகத்தைக் கூட்டி, பூட்டிய கதவுகளையும் முடிவில்லாத படிக்கட்டையும் ஊடுருவிப் போய்விடுகிறார்கள். இது ஏமாற்று இல்லையா என்று புதியவர்கள் கேட்பார்கள். அவர்கள் கையில் கேம் தந்ததைத் தவிர வேறெதுவும் இல்லை, ஓர் அடி தப்பாக வைத்தாலும் ஓட்டம் பாழ், தோற்பதற்கான வாய்ப்பு சாதாரண ஆட்டத்தைவிட அங்கே அதிகம். முக்கியமாக, எந்த விதியில் ஓடினோம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள்: எப்படியாவது முடிப்பது தனி, 100% தனி, பிழைகளைப் பயன்படுத்தாமல் முடிப்பது தனி.

எந்தப் பதிப்பு என்பதும் வித்தியாசம் செய்யும். ஐரோப்பாவுக்கு விற்ற கன்சோல்கள் 60க்குப் பதில் 50 ஹெர்ட்ஸில் ஓடின, அங்கே பல கேம்கள் சுமார் 17% மெதுவாக நடந்தன. நிஞ்ஜா கைடன் 3இன் அமெரிக்கப் பதிப்பு ஜப்பான் பதிப்பைவிட மிகக் கடினம், கன்டினியூவுக்கும் அளவு வைத்துவிட்டார்கள். 1991இல் வந்த பேட்டில்டோட்ஸில் இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் 11ஆவது ஸ்டேஜில் இரண்டாவது ஆளின் கன்ட்ரோலர் வேலையே செய்யாது, கேமில் இருக்கும் பிழை. அங்கே ஒருவர் தோற்றது அவர் குற்றமில்லை.

உடல் காரணமாக ஒரு கையால் ஆடுகிறவர்களும், பட்டன்களை இடம் மாற்றியோ கேமின் வேகத்தைக் குறைத்தோ ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டனை மாற்றுவது கேமிடம் எதையும் பறிப்பதில்லை. வேகத்தைக் குறைத்தாலும், அந்த வேகத்தில் அவரைத் தோற்கடிக்க கேமுக்கு முழு வாய்ப்பு இருக்கிறது. அவர் ஜெயித்தால் ஜெயித்ததுதான், வாதாட ஒன்றுமில்லை.

பழைய கேம்களில் செய்த சாதனைகளைக் குறித்துவைக்க நிறையப் பேர் பயன்படுத்தும் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் தளம் இந்தக் குழப்பத்தை ஓரளவு நன்றாகவே தீர்த்துவைத்திருக்கிறது. கேமை ஜெயித்ததற்கு ஓர் அடையாளம், எல்லாச் சாதனைகளையும் முடித்து முழுமையாக்கியதற்கு இன்னோர் அடையாளம். ஹார்ட்கோர் நிலையில் ஆடினால் சேவ் ஸ்டேட்டை ஏற்றுவது, ரீவைண்ட், சீட் எதுவும் வேலை செய்யாது. அதில் இல்லாமல் ஆடினாலும் குறித்துக்கொள்ளும், ஆனால் தனியாக.

முதல் தடவை ஒரு பழைய கேமை முறையாக ஜெயித்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு நான் சூப்பர் மாரியோ பிரதர்ஸைத்தான் சொல்வேன். 1-1, 1-2, அங்கிருந்து வார்ப் சோன் வழியாக 4-1, 4-2, மறுபடி வார்ப், பிறகு 8-1 முதல் 8-4 வரை, மொத்தம் எட்டே லெவல். பழகும்போது கேம் ஓவர் ஆனால் டைட்டில் திரையில் ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் கொடுங்கள், தோற்ற உலகத்தின் முதல் லெவலிலிருந்து தொடரும், இதைக் கேமே தருகிறது. 8-1 நீளமானது, நேரம் பற்றாது, நிற்காமல் ஓட வேண்டும். 8-3இல் சுத்தியல் எறியும் ஆமைகள்தான் பெரும்பாலானவர்களை நிறுத்தும், அவை குதிக்கும் நேரம் பார்த்து அடியில் நுழைந்து ஓடிவிடலாம். 8-4 ஒரு புதிர்க்கட்டு, தப்பான குழாயில் இறங்கினால் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடும், சரியான குழாய்களைக் கண்டுபிடித்துக்கொண்டே போக வேண்டும். பௌசர் நெருப்போடு சுத்தியலும் எறிவான், அவனைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் கோடாலியைத் தொட்டால் பாலம் விழும். இளவரசி நன்றி சொல்லிவிட்டு ஒரு புதிய சவாலை நீட்டுவாள், அதை எடுத்துக்கொண்டால் அதே 1-1 மறுபடி வரும், ஆனால் முதலில் எதிரே வருகிற கூம்பா என்ற காளான் எதிரிக்குப் பதில் நெருப்புக்கும் அசையாத கெட்டி ஓட்டு வண்டு வரும், மேலே ஏறி மிதித்துத்தான் சமாளிக்க வேண்டும்.